ஒரு பழைய கம்பளி, கொஞ்சம் வறுத்த அரிசி... ஆல்ப்ஸ் முதல் ஜப்பான் வரை சவேரியார் மூட்டை கட்டிய கதை!

நாளைக்குக் காலையில கிளம்பணும். மூணு மாசப் பயணம். வழியில ஆல்ப்ஸ் மலை வேற. இன்னிக்கு சாயந்திரம் வந்து ஒருத்தர் இப்படிச் சொன்னா நீங்க என்ன செய்வீங்க? முதல்ல போனை எடுத்து ஷாப்பிங் ஆப்பைத் திறப்போம். ரெயின்கோட், ட்ரெக்கிங் ஷூ, பவர் பேங்க், தலையில மாட்டுற டார்ச்னு கார்ட் நிறைஞ்சிடும். எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் நாலு பொருள் சேரும். கடைசியில பேக்பேக் ஜிப் மூடாது. பை மேல ஏறி உட்கார்ந்து மூடுவோம்.

1540-ம் ஆண்டு மார்ச் மாதம், ரோம் நகரத்தில் 33 வயது இளைஞர் ஒருவருக்கு இப்படித்தான் திடீர்னு தகவல் வந்தது. போக வேண்டிய நண்பர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவருக்குப் பதிலாக இவர் போகணும். இளைஞர் செய்தது ஒரே வேலைதான். கிழிந்திருந்த கால்சட்டையையும் பழைய அங்கியையும் எடுத்து வைத்துத் தைத்து முடித்தார். மறுநாள் கிளம்பிவிட்டார். அதன்பிறகு ரோமுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர்தான் பிரான்சிஸ் சேவியர். நமக்கு, சவேரியார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வகுப்பில் ஒரு சேவியரோ சவேரிமுத்துவோ இல்லாமல் இருந்திருக்காது. பாளையங்கோட்டையில் அவர் பேரில் கல்லூரியே இருக்கு. சிலையாகவும் படமாகவும் பார்த்துப் பழகிய அவரை இன்னிக்கு ஒரு பேக்பேக்கரா பார்க்கலாம். ஏன்னா, ஸ்பெயினில் தொடங்கி ஜப்பான் வரைக்கும் போன மனிதர் அவர். சின்ன மூட்டையோட போய் ஜெயிச்ச கதையும் அவர்கிட்ட இருக்கு, அதே சின்ன மூட்டையால வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கதையும் இருக்கு. லைட்டா பேக் பண்ண ஆசைப்படுற எல்லாரும் ரெண்டையும் சேர்த்துத் தெரிஞ்சுக்கணும்.

கோட்டையில் பிறந்த பையன்

சவேரியார் ஏழை வீட்டில் பிறந்தவர் இல்லை. 1506 ஏப்ரல் 7-ம் தேதி, இன்றைய ஸ்பெயினின் வடக்கில் இருக்கும் நவார் நாட்டில், ஹாவியர் கோட்டையில் பிறந்தார். அந்தக் கோட்டையின் பெயர்தான் சேவியராகி, நம்ம நாக்கில் சவேரியார் ஆகிவிட்டது. அப்பா ஹுவான் தெ ஹாசோ, நவார் மன்னரின் அவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர்.

ஆனால் அந்த வசதி நிலைக்கவில்லை. 1512-ல் நவாரைப் பக்கத்து நாடு பிடித்துக்கொண்டது. 1515-ல் அப்பா இறந்தார். 1516-ல் அவர்கள் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. அப்போ பையனுக்கு வயது 10. நிரந்தரம்னு நினைச்ச கல்சுவர் கண் முன்னாடி விழுந்ததைப் பார்த்த பையன் அவர்.

1525-ல் படிக்க பாரிஸ் போனார். அங்கே நல்ல விளையாட்டு வீரர். உயரம் தாண்டுவதில் பெயர் வாங்கினார். படித்து முடித்து நல்ல பதவியில் உட்காரணும், குடும்பத்தின் பழைய கௌரவத்தை மீட்கணும்னு கனவு. அந்தக் கனவைக் கலைத்தவர் ஹாஸ்டல் ரூம்மேட். 1529-ல் அந்த அறைக்கு வந்து சேர்ந்த அவர்தான், பிற்காலத்தில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். வயதில் மூத்தவர், காலில் போர்க்காயம் பட்டு நொண்டி நடப்பவர். முதலில் சவேரியாருக்கு அவரைப் பிடிக்கவில்லை. மனசு மாற வருஷக்கணக்கில் ஆனது.

1534 ஆகஸ்ட் 15-ம் தேதி, பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஏழு நண்பர்கள் சேர்ந்து ஒரு சபதம் எடுத்தார்கள். சொத்து வேண்டாம், எருசலேமுக்குப் போவோம். அதோடு இன்னொன்றையும் முடிவு செய்துவைத்தார்கள். ஒருவேளை எருசலேம் போக முடியாமல் போனால், ரோமுக்குப் போய் போப்பாண்டவர் அனுப்பும் இடத்துக்குப் போவது. கிளம்புறதுக்கு முன்னாடியே பிளான் பி ரெடி!

54 நாள் நடை

1536 நவம்பர் 15. பாரிஸிலிருந்து வெனிஸுக்கு ஒன்பது பேர் நடக்கத் தொடங்கினார்கள். இஞ்ஞாசியார் முன்னாடியே வெனிஸில் காத்திருந்தார். அப்போது பிரெஞ்சு மன்னருக்கும் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கும் போர். நேர் வழியில் போனால் ஆபத்து. அதனால லொரெய்ன், பாஸல், கான்ஸ்டன்ஸ் என்று சுற்றி, பனிக்காலத்தில் மலைகளைத் தாண்டிப் போனார்கள். வெனிஸைத் தொட்டது 1537 ஜனவரி 8-ம் தேதி. மொத்தம் 54 நாள்.

அவர்களுடைய சாமான் பட்டியலைப் பாருங்க. மாணவர்கள் போடும் நீண்ட அங்கி, தொப்பி, கையில் ஒரு கோல், கழுத்தில் செபமாலை, தோளில் ஒரு தோல் பை. பைக்குள் விவிலியம், செபப் புத்தகம், படிப்புக் குறிப்புகள். அவ்வளவுதான்.

இதை இன்றைய மலைப்பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. பல நாள் நடக்கிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, முதுகுச் சுமை உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது. 60 கிலோ எடை இருக்கிறவருக்கு 12 கிலோ. அதில் டென்ட், ஸ்லீப்பிங் பேக், காலிப் பை மூணுமே பாதியைத் தின்றுவிடும். மீதியில்தான் சாப்பாடு, தண்ணி, துணி எல்லாம். அதனால எடை குறைக்கணும்னா பல்துலக்கும் பிரஷ்ஷைப் பாதியா உடைக்கிறதுல ஒண்ணும் ஆகாது. பெரிய மூணுலதான் கை வைக்கணும். இரவு தங்க விடுதியோ மடமோ வழியில் கிடைக்கும்னா டென்ட்டே வேண்டாம். சவேரியார் குழுவும் பெரும்பாலும் வழியில் இருந்த சத்திரங்களையும் மருத்துவ இல்லங்களையும் நம்பித்தான் நடந்தது.

எருசலேம் பயணம் கடைசிவரை நடக்கவில்லை. வெனிஸுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டதால் கப்பலே கிளம்பவில்லை. அப்புறம்தான் பிளான் பி-படி ரோம். அங்கிருந்துதான் நாம ஆரம்பத்தில் பார்த்த 1540 மார்ச் பயணம். போர்ச்சுக்கல் தூதர் மஸ்கரேனாஸின் குழுவோடு ஆல்ப்ஸைத் தாண்டி, ஜூன் கடைசியில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்.

வேண்டாம்னு சொன்ன பட்டியல்

இந்தியாவுக்குப் போக இருந்த சவேரியார் மேல் போர்ச்சுக்கல் மன்னர் மூன்றாம் ஜுவாவுக்கு நல்ல மரியாதை. போப்பாண்டவரின் தூதர் என்ற பதவியும் அவருக்கு இருந்தது. பயணத்துக்கு என்ன வேணுமோ எல்லாம் கொடுக்கச் சொல்லி மன்னர் ஆணையிட்டார். அந்தப் பொறுப்பில் இருந்த காஸ்டன்ஹெய்ரா பிரபு ஒரு நீண்ட பட்டியலோடு வந்தார். சவேரியார் எல்லாத்துக்கும் வேண்டாம்னு தலையாட்டினார். கூட ஒரு பணியாளையாவது வெச்சுக்கோங்க, இவ்வளவு பெரிய பதவியில இருக்கறவர் தன் துணியைத் தானே துவைச்சா கௌரவமா இருக்காதேனு பிரபு வற்புறுத்தினார். அந்த மாதிரி கௌரவம் பார்த்துப் பார்த்துத்தான் திருச்சபை இந்த நிலைக்கு வந்திருக்குங்கற பொருளில் பதில் சொல்லி, அதையும் மறுத்துவிட்டார்.

கடைசியில் அவர் வாங்கிக்கொண்டவை ரெண்டு. சில புத்தகங்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றும்போது அடிக்கும் குளிருக்காக, தனக்கும் தோழர்களுக்கும் முரட்டுக் கம்பளி உடை. இதைக் கவனிங்க. போற வழியில எங்கே, என்ன குளிர் அடிக்கும்னு விசாரிச்சு, அதுக்கு மட்டும் எடுத்துக்கிட்டார். மலைக்குப் போறப்ப நம்ம செய்ற தப்பு இதுக்கு நேர் எதிர். போட்டோவுக்காக ஆறு காட்டன் டி-ஷர்ட் எடுப்போம், ஒரு நல்ல கம்பளி எடுக்க மாட்டோம். காட்டன் நனைஞ்சா சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கும். கம்பளி நனைஞ்ச பிறகும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். 16-ம் நூற்றாண்டிலும் அதேதான், இப்பவும் அதேதான்.

1541 ஏப்ரல் 7-ம் தேதி, தன்னுடைய 35-வது பிறந்தநாளில், சாந்தியாகோ என்ற கப்பலில் ஏறினார். ஆனா பருவக்காற்று யாருக்காகவும் காத்திருக்காது. கப்பல் தாமதமாகி, மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்க வேண்டியதாயிற்று. கோவாவில் இறங்கியது 1542 மே 6-ம் தேதி. 13 மாதம்! மூட்டை எவ்வளவு சின்னதா இருந்தாலும், சீசனைத் தவறவிட்டா பயணம் இழுத்துக்கும். தேதி பார்க்கறதும் பேக்கிங்கில் ஒரு பகுதிதான்.

முத்துக் கடற்கரையில் ஒரு மணியோசை

1542 கடைசியில் சவேரியார் நம்ம கடற்கரைக்கு வந்தார். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வேம்பார் என்று நீளும் முத்துக்குளித்துறை. இங்கே முத்துக்குளித்த பரதவர்கள், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கடல் உரிமை தொடர்பான மோதலில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடி, ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவத்தில் சேர்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த மதத்தைப் பற்றிச் சொல்லித்தர அவர்கள் மொழி தெரிந்தவர் யாருமில்லை.

முத்துக்குளிக்கிறவர் என்ன எடுத்துக்கிட்டு கடலில் இறங்குவார் தெரியுமா? வேகமா அடிக்குப் போக ஒரு கனமான கல். சிப்பி அள்ள ஒரு வலைப்பை. ஒரு மூச்சு. கால் தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், மேலே தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் ஆளையும் மேலே இழுக்கணும். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்கணும் என்பது இந்தக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வழக்கம். தங்கச்சி தாலிக்கு அவரைவிட யார் அக்கறை எடுப்பாங்க? கனமான பொருள் எதுக்கு வேணும், எப்ப அதை விடணும், மேலே யார் இருக்காங்க. மூணும் தெரிஞ்சவங்கதான் இந்த ஊர்க்காரங்க.

சவேரியாரிடமும் அப்போது இருந்தவை கொஞ்சம்தான். தேய்ந்த அங்கி, செபப் புத்தகம், கையில் ஒரு மணி. சாப்பாடு, ஊர்க்காரர்கள் சாப்பிட்ட அதே சோறும் மீனும். தேரி மணலும் பனங்காடுமான இந்த வெயிலில் ஊர் ஊராக நடந்தார். தூத்துக்குடியில் தமிழும் போர்ச்சுக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, முக்கியமான செபங்களைத் தமிழில் பெயர்த்து, அதைத் தன் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். மணப்பாட்டில் கடலோரக் குகை ஒன்றில் அவர் தங்கியதாகச் சொல்வார்கள். இன்றும் அதைப் பார்க்கப் போகிறார்கள். ஊருக்குள் போய் மணியடிப்பார், குழந்தைகள் ஓடிவரும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியாதபோது அந்தக் குழந்தைகளையே நோயாளிகள் வீட்டுக்கு அனுப்புவார்.

மனப்பாடம் செய்ததுக்கு எடை கிடையாது. ஆனா தப்பா மனப்பாடம் செய்தா? விசுவாச அறிக்கையில் நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில், வேண்டும் என்ற சொல்லைப் போட்டு, மக்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்துவிட்டார். பிறகுதான் பிழை தெரிந்தது. 1544-ல் தன் தோழர் மன்சில்ஹாஸுக்குக் கடிதம் எழுதி, இனிமேல் அந்த இடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைச் சொல்லிக்கொடுங்கள் என்று திருத்தினார். ரெண்டு வருஷம் நடந்த பிறகு, தான் கொண்டுவந்த முக்கியமான பொருளிலேயே ஓட்டை இருந்ததை ஒப்புக்கொள்ளும் மனசு அவருக்கு இருந்தது.

தண்ணீர் ஏற்றிய தோணிகள்

1544 ஜூன் மாதம் முத்துக்குளித்துறையில் பெரிய துயரம். வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் புகுந்தது. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி உயிர் பிழைத்தார்கள். பாறையில் நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. பசியிலும் தாகத்திலும் சிலர் இறந்தார்கள்.

தனக்கென்று எதையும் சேர்க்காத சவேரியார், அப்போது 20 தோணிகளில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து கிளம்பினார். எதிர்க்காற்று. துடுப்பு போட்டும் நகரவில்லை, கயிறு கட்டி இழுத்தும் நகரவில்லை. நாள்கணக்கில் போராடித் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கரை வழியே நடந்தே கன்னியாகுமரிக்குப் போய் அந்த மக்களைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடியிலும் மோதல் வெடித்து, மக்கள் தீவுகளுக்கு ஓடினார்கள். உடனே அவர் சுற்றுவட்டார ஊர்களின் பட்டங்கட்டிகளுக்கு, அதாவது ஊர்த் தலைவர்களுக்கு, தண்ணீர் ஏற்றிய தோணிகளை அனுப்பச் சொல்லி எழுதினார்.

அவரும் கையில் ஒண்ணும் இல்லாமல்தான் இருந்தார், பாறையில் நின்றவர்களும் அப்படித்தான். ஆனா அவர் அதைத் தேர்ந்தெடுத்தவர். அவர்களுக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை. நாமும் லட்சக்கணக்கில் சம்பாதிச்சு, லைட் வெயிட் டென்ட் வாங்கி, மினிமலிஸ்ட் ஆகிட்டேன்னு ஸ்டேட்டஸ் போடும்போது இந்த வித்தியாசத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கலாம். பயண நடைமுறையிலும் இதில் ஒரு பாடம் இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ எடை. பையைத் தூக்கிப் பார்க்கும்போது முதல்ல குறைக்கத் தோணுறது அதைத்தான். அடுத்த நீர் எங்கே கிடைக்கும்னு உறுதியாத் தெரியாத வரைக்கும் அதைக் குறைக்கவே கூடாது.

இறக்கி வைக்காத சுமை

சவேரியாரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையா இருக்காது. பை லேசாக இருந்தது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து அவர் தலைக்குள் சுமந்து வந்த முடிவுகள் லேசானவை இல்லை. இங்கே காலங்காலமாக இருந்த வழிபாடுகளை அவர் பிழையென்றே பார்த்தார். சாமி உருவங்களைக் குழந்தைகள் உடைத்தபோது மகிழ்ந்தார். 1546-ல் கோவாவுக்கு இன்குவிசிஷன் எனும் மத விசாரணை மன்றம் வேண்டுமென்று மன்னருக்கு எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1560-ல் அது வந்தது. கோவாவின் வரலாற்றில் அது ஆழமான காயம். அவரை வணங்குகிறவர்களும் விமர்சிக்கிறவர்களும் இன்னிக்கும் இருக்காங்க. ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

புது ஊருக்குப் போகும்போது நாமும் இப்படித்தான். பையில் எடையைக் கிராம் கிராமா குறைப்போம். அந்த ஊர் இப்படித்தான், அந்த ஆளுங்க இப்படித்தான்னு முன்கூட்டியே கட்டி வெச்ச முடிவுகளை மட்டும் அப்படியே தூக்கிட்டுப் போவோம்.

கியோட்டோ வாசலில்

மலாக்கா, மொலுக்கா தீவுகள் என்று சுற்றிய சவேரியார், 1549 ஆகஸ்ட் 15-ம் தேதி ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். இந்தப் பயணச் செலவுக்கு மலாக்காவின் போர்ச்சுக்கீசியத் தலைவர் நல்ல மிளகு கொடுத்திருந்தார். மிளகு அப்போது பணம் மாதிரி. லேசான பைக்குப் பின்னாடி யாரோ ஒருத்தரோட கப்பலும் சரக்கும் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்க.

1550 டிசம்பரில் அவர் ஒரு திட்டத்தோடு கிளம்பினார். தலைநகர் கியோட்டோவுக்குப் போய்ப் பேரரசரையே பார்த்து அனுமதி வாங்கிவிடுவது. கூட வந்தவர்கள் ஹுவான் ஃபெர்னாண்டஸ் என்ற தோழரும், பெர்னார்டோ என்ற ஜப்பானிய இளைஞரும். மூட்டையில் இருந்தவை சில சட்டைகள், வழிபாட்டு உடை, ராத்திரி போர்த்திக்கொள்ள ஒரு பழைய கம்பளி, கொஞ்சம் வறுத்த அரிசி. நம்ம ஊரில் அவல் கட்டிக்கொண்டு போவது மாதிரி.

கடும் பனிக்காலம். பாதி தூரம் படகு, மீதி தூரம் நடை. பனியில் நடந்து பாதங்கள் வீங்கின. வழியில் ஒரு பிரபுவின் குழு கிடைத்தபோது, தனியாகப் போனால் ஆபத்து என்பதால், குதிரைகளுக்குப் பின்னால் வேலைக்காரர்களைப் போல ஓடியே போனார்கள். 1551 ஜனவரியில் கியோட்டோ வந்தது.

போய்ப் பார்த்தால், பல ஆண்டுப் போர்களில் நகரமே பாழாகிக் கிடந்தது. பேரரசரின் கையில் அதிகாரமே இல்லை. அவரைப் பார்க்கவும் வழியில்லை. ஹியேய் மலையில் இருந்த புகழ்பெற்ற புத்த மடத்தில் நுழைய முயன்றார்கள். என்ன காணிக்கை கொண்டுவந்திருக்கீங்கன்னு கேட்டார்கள். கொண்டுவந்தது எல்லாம் ஹிராடோ துறைமுகத்தில் கிடந்தது. கந்தல் உடையில், வெறுங்கையோடு வந்தவர்களை யாரும் உள்ளே விடவில்லை. 11 நாளில் திரும்பினார்கள்.

ஐரோப்பாவில் எளிமையைப் பார்த்து மரியாதை கொடுத்தார்கள். முத்துக் கடற்கரையில் அந்த எளிமை அவரை மக்களோடு சேர்த்துவைத்தது. ஜப்பான் அரண்மனைகளில் அதே எளிமை, எதிரில் இருப்பவரை மதிக்காத செயலாகத் தெரிந்தது. இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் ஊரைக் குறை சொல்லியிருப்பார். சவேரியார் ஹிராடோவுக்குத் திரும்பி, மூட்டையைப் பிரித்து மறுபடி கட்டினார்.

1551 வசந்த காலத்தில் யமகுச்சி நகரத்துக்கு அவர் போனது வேறு கோலத்தில். நல்ல உடை. கோவாவிலிருந்து வந்த அதிகாரபூர்வக் கடிதங்கள். பரிசுகளாக மணி அடிக்கும் கடிகாரம், இசைக்கருவி, மூக்குக்கண்ணாடி, கண்ணாடிப் பாத்திரங்கள், துப்பாக்கி. அங்கே ஆண்ட ஓவுச்சி யோஷிதகா மகிழ்ந்து, பேச அனுமதியும் தங்க ஒரு காலி மடமும் கொடுத்தார். அங்கேயும் ஒரு சொல் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார். கடவுளைக் குறிக்க அதுவரை பயன்படுத்திய தைனிச்சி என்ற சொல், புத்த மதத்தில் வேறொன்றைக் குறிப்பது என்று புரிந்ததும் அதைக் கைவிட்டார். மணப்பாட்டில் நடந்ததே திரும்ப நடந்தது. ஆனா இங்கே உள்ளூர் அறிஞர்களோடு உட்கார்ந்து, அவர்கள் கேள்விகளைக் கேட்டு, பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்.

எடையைக் குறைக்கிறதே நோக்கம்னு வெச்சுக்கிட்டா கியோட்டோ வாசல்தான் கிடைக்கும். போற இடத்துக்கு என்ன தேவைன்னு கேட்டு பேக் பண்ணினா சில சமயம் பை கனமாகத்தான் செய்யும். பனிமலைக்குப் போகும்போது எடுத்த கனமான ஜாக்கெட், வழியில் தங்கப்போகும் வீட்டுக் குழந்தைகளுக்கு வாங்கிய கருப்பட்டி மிட்டாய், முதலுதவிப் பெட்டி. இதெல்லாம் வீண் எடை இல்லை. வெறுங்காலோடு பனியில் நடந்ததை மட்டும் தயவுசெஞ்சு காப்பியடிக்காதீங்க. நல்ல ஷூ அவசியம்.

கடைசித் தீவு

ஜப்பானிலிருந்து திரும்பிய சவேரியார் அடுத்து சீனாவுக்குக் கிளம்பினார். அந்நியர் நுழையத் தடை இருந்த நாடு. 1552 ஆகஸ்ட் கடைசியில் குவாங்டாங் கரைக்கு எதிரே இருக்கும் ஷாங்சுவான் தீவில் இறங்கினார். ரகசியமாகக் கரையில் கொண்டுபோய் விட ஒரு சீன வியாபாரியோடு மிளகை விலையாகப் பேசி வைத்திருந்தார். வியாபாரி வருவதாகச் சொன்ன நாள் வந்தது, போனது. அவர் வரவில்லை. தீவில் இருந்த போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. குளிர் ஏறியது. நவம்பர் கடைசியில் காய்ச்சல் வந்தது.

1552 டிசம்பர் 3-ம் தேதி விடியற்காலையில், ஒரு குடிசையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 46. பக்கத்தில் இருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர். புதைக்கும்போது பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். உடல் சீக்கிரம் கரைந்துவிட்டால், எலும்புகளை மட்டும் இந்தியாவுக்கு எடுத்துப்போவது சுலபம் என்ற கணக்கு. ஆனால் 1553 பிப்ரவரியில் திறந்தபோது உடல் சிதையாமல் இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மலாக்கா வழியாக 1554 மார்ச்சில் கோவா வந்து சேர்ந்தது. இன்றும் அங்கே போம் ஜீசஸ் பேராலயத்தில் இருக்கிறது. 1622-ல் புனிதர் பட்டம். டிசம்பர் 3 அவரது திருநாள்.

அவர் பாதியில் விட்ட வேலையை நம்ம கடற்கரையில் தொடர்ந்தவர் ஹென்றிக்கஸ் அடிகளார். சவேரியாரைப் போல மனப்பாடத்தோடு நிற்காமல், அவர் தமிழை முறையாகப் படித்தார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். வெறும் 16 பக்கம். தேய்ந்த அங்கியோடு நடந்த மனிதர் விட்டுச்சென்ற இடத்திலிருந்து, பையில் வைத்தால் இருப்பதே தெரியாத ஒரு சின்னப் புத்தகம் வந்தது.

அடுத்த முறை பேக் பண்ணும்போது, எல்லாத்தையும் தரையில் பரப்பி வெச்சு, ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. இது போற வழிக்குத் தேவையா, போற இடத்துக்குத் தேவையா, இல்ல என் பயத்துக்குத் தேவையா? பயத்துக்காக எடுத்ததை வெளியே வெச்சிடுங்க. தண்ணியையும் கம்பளியையும் வைக்காதீங்க. அந்த ஊர் மொழியில் பத்து வார்த்தை கத்துக்கோங்க, தப்பாச் சொன்னா யாராவது திருத்தட்டும்.

அப்புறம் ஒரே ஒரு வேலை. எந்த வழியில் போறீங்க, எந்தெந்த நாள் எங்கே தங்குறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு வீட்டில் ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. மலையில் டவர் கிடைக்காத இடத்தில் அந்தத் தாள்தான் உங்க கயிறு. மேலே அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மச்சான் இருக்கணும்.